பின்கண்ணாடியில் தெரிந்த தெருக்கள்

சி பிளாக்கில் யாரோ ஒருவர் வீட்டுப் பூட்டில் தன் வீட்டுச் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருந்த மீட்டரம்மாவை, பெற்ற மகனே கையும் களவுமாகப் பிடித்ததில் போன வாரம் நிறுத்தியிருந்தோம். அவர்கள் குடியிருப்பது பி பிளாக். நான்கு கட்டிடமும் ஒரே அச்சு, ஒரே வெள்ளை, ஒரே மாடிப்படி. குடிவந்து நான்கு மாதம்தான் ஆகிறது என்று மீட்டரம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

"இனிமே தனியா கேட்டைத் தாண்டக்கூடாது" என்றான் மகன்.

"இருபத்தொன்பது வருஷம் வீடு வீடா ஏறி இறங்கி கரன்ட் மீட்டர் பார்த்தவடா நான். எனக்கா வழி தெரியாது?" என்றார் அம்மா.

அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. அதற்குப் பிறகு எல்லாமே மருமகள் வழியாகத்தான்.

"உன் புருஷன்கிட்ட சொல்லு, சாப்பாடு மேஜை மேல இருக்குன்னு."

"உங்க அத்தைகிட்ட சொல்லு, எனக்கும் கண்ணு இருக்குன்னு."

நடுவில் ஒன்பது மாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த மருமகள், "ரெண்டு பேரும் சேர்ந்து எனக்கு ஒரு மைக் வாங்கிக் குடுத்திடுங்க" என்றாள்.

மூன்று நாள் இப்படியே ஓடியது. நான்காம் நாள், புதன்கிழமை காலை பத்தேகாலுக்கு, குளியலறை வாசலில் நின்றபடி மருமகள் மிக நிதானமாகக் கூப்பிட்டாள்.

"அத்தை, பயப்படாம வாங்க. பனிக்குடம் உடைஞ்சிடுச்சு."

பயப்படாமல் எப்படி இருப்பது? வயிற்றுக்குள் குழந்தை இன்னும் தலைகீழாகத் திரும்பவில்லை. கால் கீழே, தலை மேலே. அடுத்த திங்கட்கிழமை ஆபரேஷன் என்று நாள் குறித்திருந்தார்கள். அதற்குள் பனிக்குடம் உடைந்தாலோ வலி எடுத்தாலோ ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் வந்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா ஒன்றுக்கு மூன்று முறை சொல்லி அனுப்பியிருந்தார்.

மீட்டரம்மா ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். வழியில் நெரிசல், வந்து சேர நாற்பது நிமிஷமாகும் என்றார்கள். மகனுக்குப் போன் போட்டாள் மருமகள். அவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரின் மறுகோடியில் ஓர் அலுவலகக் கட்டிடத்தில், ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவே மூன்று பேரோடு லிஃப்ட் நின்றுவிட்டதென்று மொட்டை மாடி மோட்டார் அறைக்குள் நின்றுகொண்டிருந்தான்.

"நான் டாக்ஸி அனுப்புறேன். அஞ்சு நிமிஷத்துல கீழ வந்து நிக்கும். இந்த மூணு பேரை வெளிய எடுத்ததும் ஓடி வந்துடறேன். அம்மாகிட்ட சொல்லு..."

அவன் என்ன சொல்ல வந்தானோ, அதற்குள் மருமகளுக்கு முதல் வலி வந்துவிட்டது.

டாக்ஸி சொன்ன நேரத்துக்கு வந்தது. சின்ன வண்டி. நரைத்த தாடியும் கனத்த குரலுமாக ஒரு டிரைவர். மருமகளைப் பின்சீட்டில் சாய்த்து உட்கார வைத்துவிட்டு, மீட்டரம்மா முன்சீட்டில் ஏறினார்.

"நான் இந்த ஊருக்கு வந்து மூணு மாசம்தாம்மா ஆகுது" என்றார் டிரைவர். "ஆனா கவலைப்படாதீங்க. எல்லாம் போன் சொல்லும்."

போன் சொன்னது. எட்டு நிமிஷம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பெரிய சாலைக்கு வந்து மேம்பாலத்தை நெருங்கியதும் வண்டி நின்றுவிட்டது. முன்னால் பார்த்தால், கண்ணுக்கெட்டிய தூரம்வரை வண்டிகள். பாலத்தின் தலைப்பில் ஒரு நீளமான சரக்கு லாரி குறுக்கே மடங்கிக் கிடந்தது. போனில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரம் பதினாறு நிமிஷத்திலிருந்து ஐம்பத்திரண்டாக எகிறியது.

"அய்யோ" என்றார் டிரைவர்.

பின்சீட்டில் மருமகள் கண்ணை மூடிக்கொண்டு, சீட்டின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தாள். முந்தின வலிக்கும் இதற்கும் இடையே ஏழு நிமிஷம்கூட இல்லை.

போன் யோசித்தது. பிறகு ஒரு புது வழியைக் காட்டியது. இடது பக்கம் ஒரு சந்து. டிரைவர் நடைபாதை மேல் ஒரு சக்கரத்தை ஏற்றி, இரண்டு மோட்டார் சைக்கிள்காரர்களின் வசவைக் காதில் வாங்கிக்கொண்டு, வண்டியை அந்தச் சந்துக்குள் நுழைத்தார்.

சந்து வாசலில் இருந்த பெயர்ப்பலகையைப் பார்த்ததும் மீட்டரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இது என் ரூட்டு!"

"என்னம்மா?"

"ஒன்பதாம் நம்பர் ரூட்டு. நானூத்திப் பன்னிரண்டு வீடு. மாசாமாசம் நடந்திருக்கேன். ஆஸ்பத்திரியோட பின் கேட்டுல ஆரம்பிச்சு, கரெக்டா இந்தப் பலகைகிட்ட வந்து முடியும். அந்தப் போனை அணைங்க தம்பி. நான் சொல்றேன் வழி."

அவர் குரலில் அப்படி ஒரு துள்ளல். மூன்று நாளாக வீட்டுக்குள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த மனுஷியா இவர் என்று மருமகளே கண்ணைத் திறந்து பார்த்தாள்.

டிரைவர் போனை அணைக்கவில்லை. சத்தத்தை மட்டும் குறைத்தார்.

சந்து நூறடி போய் ஓரிடத்தில் மூன்றாகப் பிரிந்தது.

"எந்தப் பக்கம்மா?"

மீட்டரம்மா வாயைத் திறந்தார். அப்படியே மூன்று பக்கமும் மாறி மாறிப் பார்த்தார்.

நேரே ஒரு தெரு. இடப்பக்கம் ஒரு தெரு. வலப்பக்கம் ஒரு தெரு. மூன்றிலும் இரண்டு மாடி வீடுகள், ஜன்னல் கம்பிகள், காயப்போட்ட துணிகள். எதுவுமே அவரைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. பூர்வ ஜென்மத்தில்கூடப் பார்த்திராத தெருக்கள். இருபத்தொன்பது வருஷம் நடந்த இடமா இது?

அன்று சி பிளாக் கதவில் சாவியைத் திருகியபடி நின்றது ஞாபகத்துக்கு வந்தது.

"அம்மா, எந்தப் பக்கம்?"

"இருங்க... இருங்க தம்பி..."

"போன் நேரா போகச் சொல்லுதும்மா" என்று டிரைவர் நேரே விட்டார். ஐம்பதடி. இரண்டு பக்கமும் கண்ணாடியை மடக்கிக்கொண்டு போக வேண்டிய அகலம். அதன் முடிவில், வண்டிகள் நுழையாமலிருக்கத் தரையில் நட்டு வைத்த நான்கு இரும்புத் தூண்கள். போனுக்கு அந்தத் தூண்கள் தெரிந்திருக்கவில்லை. அப்படியே பின்னோக்கி எடுத்து, மறுபடி அந்த மூன்று தெரு பிரியும் இடத்துக்கே வந்து நின்றார்கள்.

"நேராகச் செல்லவும்" என்றது போன், ஒன்றுமே நடக்காதது போல.

அந்த நேரம் பார்த்து மகனின் அழைப்பு. மருமகள் எடுத்து, கையில் பிடிக்கத் தெம்பில்லாமல் ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்தாள்.

"எங்க இருக்கீங்க? இங்க மேப்புல பார்த்தா உங்க வண்டி ஒரே இடத்துல நிக்குதே!"

"பாலம் அடைச்சிருக்கு. சந்துக்குள்ள வந்தோம். அத்தை வழி சொல்றாங்க..."

"அம்மாவா? அய்யய்யோ! டிரைவர் சார், டிரைவர் சார், கேக்குதா? எங்கம்மா சொல்றதை நம்பாதீங்க. அவங்களுக்கு வழியெல்லாம் மறந்துபோச்சு. இருக்கிற வீடே தெரியல. போன் காட்டுற மாதிரி போங்க. கெஞ்சிக் கேக்குறேன்!"

டிரைவர் மீட்டரம்மாவைப் பார்க்காமல் ஸ்டீயரிங்கைப் பார்த்தார்.

மீட்டரம்மா கையைப் பிசைந்தார். மகன் சொன்னதில் பொய் என்ன இருக்கிறது? இரண்டு நிமிஷத்துக்கு முன்னால்தான் மார்தட்டினார். முதல் முக்கிலேயே முழித்துக்கொண்டு நிற்கிறார். இதில் போவது அவர் மானம் மட்டுமல்ல. பின்சீட்டில் இரண்டு உயிர்.

"அவன் சொல்றபடியே போங்க தம்பி" என்றார், குரல் அடங்கிப்போய்.

"ஒரு நிமிஷம்" என்றாள் மருமகள்.

வலி அப்போதுதான் விட்டிருந்தது. நெற்றியெல்லாம் வியர்வை. ஆனாலும் அந்தக் குரல் கடையில் பேசும் குரல். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் சோதிப்பவள். ஒரு நாளைக்கு முப்பது பேரை நாற்காலியில் உட்கார வைத்து, அவசரமே இல்லாமல் கேள்வி கேட்டுக் கேட்டுப் பழகியவள்.

"அத்தை, இந்தத் தெருவெல்லாம் நீங்க எந்தப் பக்கத்திலேர்ந்து பார்ப்பீங்க?"

"எப்படிக் கேக்கிறே?"

"நடந்து வரும்போது. எங்கேர்ந்து எங்க வருவீங்க?"

"ஆஸ்பத்திரிப் பக்கத்திலேர்ந்துதான். எங்க ஆபீஸ் அங்கதானே இருந்தது. மீட்டர் புக்குல வீடெல்லாம் அந்த வரிசையிலதான் இருக்கும். ஒண்ணுலேர்ந்து நானூத்திப் பன்னிரண்டு."

"நானூத்திப் பன்னிரண்டு முடிஞ்சு திரும்பி நடக்க மாட்டீங்களா?"

"எதுக்கு? பெரிய ரோட்டுல பஸ் ஏறி வீட்டுக்கு வந்துடுவேன்."

"அப்போ இந்தத் தெருவோட முதுகை நீங்க பார்த்ததே இல்ல" என்றாள் மருமகள். "முகத்தைத்தான் பார்த்திருக்கீங்க. திரும்பிப் பாருங்க அத்தை. பின்னாடி கண்ணாடி வழியா."

மீட்டரம்மா திரும்பினார். கழுத்து பாதிதான் வளைந்தது. கதவைத் திறந்து இறங்கி, பின்கதவைத் திறந்து, மருமகளின் கால்மாட்டில் கிடைத்த இடத்தில் முழங்காலிட்டு ஏறி, சீட்டின் முதுகைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பின்கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

அந்தச் சந்து அப்படியே எழுந்து நின்று அவரைக் குசலம் விசாரித்தது போலிருந்தது.

"ஆ!" என்றார். "அந்த நீலத் தூண்! முன்னூத்தித் தொண்ணூத்தெட்டு. மாடிப்படிக்குக் கீழ மீட்டர், குனிஞ்சாத் தலை இடிக்கும். அதுக்கு அடுத்த வீடு, சிகப்பு கேட்டு, வயசான நாய், குலைக்கும், கடிக்காது. தெரியுதுடி! எல்லாம் தெரியுது!"

"முன்னாடி பார்த்தா தெளிவா, இப்படிப் பார்த்தா தெளிவா?"

"இதுதான் தெளிவு. கண்ணாடி மாதிரி தெளிவு!"

மடியில் கிடந்த போனிலிருந்து மகன் இன்னும் கத்திக்கொண்டிருந்தான். "என்ன நடக்குது அங்க? யார் திரும்பறது?"

மருமகள் போனைக் கையில் எடுத்தாள்.

"நீங்க லிஃப்டைப் பாருங்க. நாங்க ஆஸ்பத்திரிக்குப் போறோம். அத்தை சொல்ற வழியில."

"வேண்டாம், நான் சொல்றதைக்..."

வைத்துவிட்டாள்.

மொட்டை மாடியில் மகன் செத்துப்போன போனைப் பார்த்துக்கொண்டு நின்றான். காலடியில், எங்கோ கீழே, மூன்று பேர் இருட்டுப் பெட்டிக்குள் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். போட்டது போட்டபடி ஓடிவிடலாமா என்று ஒரு கணம் கால் பரபரத்தது. பிறகு போனைச் சட்டைப்பைக்குள் தள்ளிவிட்டுக் லிஃப்டைக் கையாலேயே நகர்த்தும் சக்கரத்தைப் பிடித்தான். பிரேக்கைத் தளர்த்தி, ஒரு சுற்று, இன்னொரு சுற்று. அவசரப்பட்டால் பெட்டி வழுக்கும். ஆயிரம் முறை செய்த வேலை. இன்றைக்குத்தான் ஒவ்வொரு சுற்றையும் வாய்விட்டு எண்ணினான்.

சந்துக்குள்ளோ ஒரு புது சிக்கல்.

"இந்தச் சந்துக்குள்ள நான் வலது பக்கம் திரும்பித்தான் நுழைவேன்" என்று மீட்டரம்மா யோசித்தார். "அப்போ இந்தப் பக்கத்திலேர்ந்து வந்திருக்கணும்." வலது கையை நீட்டினார். "வலது, தம்பி, வலது!"

டிரைவர் ஸ்டீயரிங்கை வலது பக்கம் ஒடித்தார்.

"இடது! இடது!" என்று அலறினாள் மருமகள். "அவங்க பின்னாடி பார்த்து உட்கார்ந்திருக்காங்க. அவங்களுக்கு வலதுன்னா உங்களுக்கு இடது!"

"அம்மா, ரெண்டு பேரும் சேர்ந்து என்னைக் கொல்லாதீங்க" என்றபடி டிரைவர் இடது பக்கம் வளைத்தார்.

அதற்குப் பிறகு ஓர் ஒழுங்கு வந்தது. ஒவ்வொரு முக்கிலும் டிரைவர் சற்றே தாண்டி நிறுத்துவார். மீட்டரம்மா பின்னால் தெரியும் தெருவைப் பார்த்து, தான் எந்தப் பக்கமிருந்து அதற்குள் நுழைவார் என்று கண்டுபிடித்துக் கையை நீட்டுவார். மருமகள் அதைத் தலைகீழாக்கிச் சொல்வாள். வலி வரும்போது சொல்ல முடியாது. அப்போது டிரைவரின் தோளை அந்தப் பக்கமாகத் தட்டுவாள்.

"தையல் மெஷின் கடை. பச்சைக் கதவு. மீட்டர் பெட்டிக்குள்ள எப்பவும் குருவிக்கூடு இருக்கும். இடது கை!"

"உங்களுக்கு வலது, சார்!"

"தெரியுதும்மா, தெரியுது, பழகிடுச்சு!"

டிரைவருக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. ஹார்னில் வைத்த கையை எடுக்கவே இல்லை. ஒரு காய்கறித் தள்ளுவண்டிக்காரர் வண்டியோடு ஒரு வீட்டு வாசலுக்குள் ஏறி வழிவிட்டார். பின்கண்ணாடி வழியாக ஒரு வயதான அம்மாள் முழங்காலிட்டுக் கையாட்டுவதைப் பார்த்து, தனக்குத்தான் ஆட்டுகிறார் என்று நினைத்து அவரும் ஆட்டினார்.

"அத்தை" என்றாள் மருமகள், மூச்சு வாங்கிக்கொண்டே. "உள்ள இருக்கிறதும் உங்களை மாதிரிதான். எல்லாரும் ஒரு பக்கம் பார்த்தா அது மட்டும் திரும்பி உட்கார்ந்திருக்கு."

மீட்டரம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "வாயை மூடிட்டு மூச்சு விடு" என்றார். அது எப்படி முடியும் என்று இருவருமே யோசிக்கவில்லை.

இப்படி ஆறு முக்குகள் தாண்டினார்கள். ஏழாவது முக்கில் சரியாக மாட்டிக்கொண்டார்கள்.

மரக்கடையும் அதை ஒட்டிய பதினோரு வீடுகளும் இருந்த இடத்தில் இப்போது தெருவின் முழு நீளத்துக்கும் கண்ணாடி முகப்போடு ஒரு கட்டிடம் நின்றது. பின்னால் பார்த்தாலும் அதுதான், முன்னால் பார்த்தாலும் அதுதான். பதினோரு மீட்டர்களையும் ஒரே வாயில் விழுங்கிவிட்டு நின்றது.

"ஒண்ணும் தெரியல" என்றார் மீட்டரம்மா.

"யோசிங்க அத்தை." மருமகளின் குரல் முதல்முறையாக உடைந்தது. "என்னால முடியல. ஏதோ கீழ இறங்கற மாதிரி இருக்கு."

மீட்டரம்மா யோசிக்கவில்லை. கதவைத் திறந்து இறங்கி ஓடினார்.

அறுபத்தெட்டு வயது. வலது முட்டியில் ஒரு பழைய வலி. ரப்பர் செருப்பு. அந்தக் கட்டிடத்தின் முழு நீளத்தையும் கடந்து, அதன் கோடியில் தெரு இரண்டாகப் பிரியும் இடம்வரை ஓடினார். இடது பக்கத் தெருவுக்குள் இருபது காலடி போய்ச் சட்டென்று திரும்பி நின்று பார்த்தார். இல்லை. வெளியே வந்து, வலது பக்கத் தெருவுக்குள் இருபது காலடி. திரும்பினார்.

ஒரு வீட்டின் மொட்டை மாடியிலிருந்து சுருள் சுருளாக இறங்கும் இரும்பு ஏணி. அதன் அடியில், தெருவைப் பார்த்தபடி, சாம்பல் நிறத்தில் ஒரு மின்சாரப் பெட்டி. நூற்றி இருபது முதல் நூற்றி நாற்பதுவரை பிரியும் பெட்டி. மத்தியான வெயிலில் அதன் நிழலில் நின்று எத்தனை நாள் தண்ணீர் குடித்திருக்கிறார்!

"இங்க! இங்க! இந்தப் பக்கம்!" என்று நடுத்தெருவில் நின்று இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். வண்டி சீறிக்கொண்டு வந்தது. ஓடும் வண்டியில் ஏறுவது போலத்தான் ஏறினார்.

அங்கிருந்து மூன்றே திருப்பம். மூன்றாவது திருப்பத்தில் ஆஸ்பத்திரியின் பின்பக்கச் சுவரும், பூட்டிய கேட்டும், அதற்கு முன்னால் நாற்காலியில் ஒரு காவலாளியும்.

"இது ஆக்சிஜன் வண்டி வர்ற வழி. முன் கேட்டுக்குப் போங்க."

"அதுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும் சார்!" என்று டிரைவர் ஆரம்பித்தார்.

மருமகள் பேச்சுவார்த்தையை அத்தோடு முடித்துவைத்தாள். அடிவயிற்றிலிருந்து அவள் போட்ட சத்தத்தில் காவலாளியின் நாற்காலி சாய்ந்தது. சாவியைத் தேடிய கையும், கேட்டைத் தள்ளிய கையும், ஸ்ட்ரெச்சரைக் கூப்பிட்ட வாயும் எல்லாம் அவருடையவையே.

மணி பத்து ஐம்பத்தேழு.

பதினொன்று இருபத்தொன்றுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டே முக்கால் கிலோ. வெளியே வந்த டாக்டரம்மா முகக்கவசத்தை இறக்கிவிட்டு, "தாயும் சேயும் நல்லா இருக்காங்க. இன்னும் கால் மணி நேரம் போயிருந்தா நான் இதைச் சிரிச்சுக்கிட்டே சொல்லியிருக்க முடியாது" என்றார்.

மகன் பன்னிரண்டு மணிக்கு வந்தான். மூன்று பேரும் வெளியே கால் வைத்த மறுவிநாடி, அவர்கள் சொன்ன நன்றியைக்கூடக் காதில் வாங்காமல் ஏழு மாடியும் படியில் இறங்கி ஓடி வந்திருந்தான். எந்த லிஃப்டையும் நம்பும் நிலையில் அவன் இல்லை.

வாசலிலேயே டாக்ஸி டிரைவர் அவனைப் பிடித்துக்கொண்டார். வேறு சவாரிக்குப் போகாமல் அந்த மனிதர் அங்கேயே நின்றிருந்தார்.

"சார், உங்கம்மா ஆளா இல்ல வேற ஏதாவதா? பின்னாடி பார்த்துக்கிட்டே வண்டிய முன்னாடி விட்டாங்க சார்! நானும் இருபது வருஷமா ஓட்டுறேன். இப்படி ஒரு ஓட்டம் ஓட்டினதில்ல."

மகன் அம்மா எதிரில் வந்து நின்றான். நடுவில் நின்று செய்தி சொல்ல இன்று மருமகள் இல்லை. நேராகத்தான் பேச வேண்டியிருந்தது.

"அம்மா."

"ம்."

"நான் போன்ல அப்படிப் பேசியிருக்கக்கூடாது. உனக்கு ஒண்ணும் இல்லம்மா. நல்லாத்தான் இருக்கே. நான்தான் ஒரு பூட்டைப் பார்த்துட்டு என்னென்னவோ கற்பனை பண்ணிக்கிட்டேன். நீ எங்க வேணா போ, எப்ப வேணா போ. இனிமே ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

மீட்டரம்மா அவன் தலையைப் பிடித்து இழுத்து நெற்றியில் முத்தமிட்டார். மகன் அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டான்.

மத்தியானம் முழுக்கத் திருவிழாதான். அறைக்கு வந்த ஒவ்வொரு நர்ஸிடமும் மகன் கதையை முதலிலிருந்து சொன்னான். ஒவ்வொரு தடவையும் முக்குகளின் எண்ணிக்கை இரண்டு கூடியது. மருமகள் மயக்கம் தெளிந்து, "நானும் அங்க இருந்தேன், கொஞ்சம் என்னையும் சொல்லுங்க" என்றாள். குழந்தை எல்லாவற்றுக்கும் ஒரே முகத்தை வைத்துக்கொண்டு தூங்கியது.

நான்கு மணிக்கு வெந்நீர் வாங்க வேண்டியிருந்தது. மகன் எழுந்தான்.

"நீ உட்காரு. நான் போறேன்" என்று மீட்டரம்மா பிளாஸ்க்கை எடுத்தார். யாரும் தடுக்கவில்லை. இன்று யார் தடுப்பார்கள்?

கான்டீன் தரைத்தளத்தில். போவதில் சிரமம் இல்லை. வெந்நீர் வாங்கிக்கொண்டு லிஃப்டில் ஏறி மூன்றாம் மாடியில் இறங்கி, முன்னூற்றுப் பதினெட்டாம் எண் அறைக் கதவைத் தள்ளினார்.

உள்ளே காலில் மாவுக்கட்டோடு ஒரு பெரியவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"மன்னிக்கணும்" என்று கதவைச் சாத்திவிட்டு எண்ணைப் பார்த்தார். முன்னூற்றுப் பதினெட்டுதான். ஒரு நர்ஸ் விளக்கினாள். கட்டிடத்துக்கு இரண்டு பகுதி. கிழக்கிலும் முன்னூற்றுப் பதினெட்டு உண்டு, மேற்கிலும் உண்டு. "நேராப் போய், ரெண்டாவது திருப்பத்துல திரும்பி, கண்ணாடிக் கதவு வழியாப் போனா கிழக்கு."

நேராகப் போனார். திரும்பினார். கண்ணாடிக் கதவு வந்தது. அதைத் தாண்டி நடந்தார். வெளிர்மஞ்சள் சுவர், பச்சைக் கோடு, வரிசை நாற்காலி, மறுபடியும் அதே சுவர், அதே கோடு. முன்னூற்றுப் பதினெட்டைத் தள்ளினார்.

"வாங்க" என்றார் மாவுக்கட்டுப் பெரியவர்.

மூன்றாம் முறை அவர் செய்தித்தாளை மடித்தே வைத்துவிட்டார். "உட்காருங்கம்மா. ரெண்டு பேரும் சேர்ந்தே வழி கண்டுபிடிப்போம். என்னால நடக்கத்தான் முடியாது."

மீட்டரம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். இன்னொரு நர்ஸைக் கேட்கலாம். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விடுவாள். அறைக்குள் போய், கான்டீனில் கூட்டம் என்று சொன்னால் போதும். காலையில் ஜெயித்தது ஜெயித்ததாகவே இருக்கும். மகன் வாயாலேயே உனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லியாகிவிட்டது.

பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டார். உள்ளே பிறந்திருப்பது ஒரு பெண் குழந்தை. ஒரு நாள் அதைக் கையில் தூக்கிக்கொண்டு இவர் வெளியே கிளம்புவார். யாரும் தடுக்க மாட்டார்கள்.

போனை எடுத்தார்.

"டேய். எனக்கு வழி தெரியல. மூணு தடவை சுத்திட்டேன். மேற்குப் பக்கம் முன்னூத்திப் பதினெட்டுக்கு எதிர்ல உட்கார்ந்திருக்கேன். வா."

மகன் ஓடி வந்தான். விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தான். பிறகு பக்கத்து நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தான்.

"காலையில அவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தியேம்மா?"

"அது பழசு. இருபத்தொன்பது வருஷம் கால்ல ஏத்தினது. உள்ள பத்திரமா இருக்கு. அதுவும் ஒரு பக்கமாத்தான் இருக்கு, பார்த்தியா? புதுசா ஏதாவது போட்டா நிக்க மாட்டேங்குது. நம்ம புது வீட்டுல நாலு மாசமா நான் கதவை எண்ணிக்கிட்டுத்தான் வர்றேன். எண்ணிக்கை தப்பினா அவ்வளவுதான்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ கேட்டைப் பூட்டுவே. பூட்டினியே!"

மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

"டாக்டர்கிட்ட போகலாம்" என்றார் மீட்டரம்மா. "திங்கட்கிழமையே போகலாம். என்ன டெஸ்ட் எடுக்கச் சொல்றாங்களோ எடுத்துக்கிறேன். மறைக்க மாட்டேன். ஆனா என்னைப் பூட்டி வைக்காதே. நடக்க நடக்கத்தானே வழி ஏறும்? நாளைக்குக் காலையில வீட்டுலேர்ந்து இந்த ரூமுக்கு நான் தனியா வருவேன். நீ கூட வரக்கூடாது. பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டும் வரக்கூடாது."

மகன் வாயைத் திறந்தான்.

"இப்ப பதில் சொல்லாதே. எழுந்திரு. நான் முன்னாடி போறேன், நீ பின்னாடி வா. நான் கேட்டாத்தான் சொல்லணும்."

நடந்தார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் மீட்டரம்மா நின்று, திரும்பி, வந்த வழியை ஒரு தடவை நன்றாகப் பார்த்துக்கொண்டார். கண்ணாடிக் கதவைத் தாண்டியதும் நடைவழி இரண்டாகப் பிரிந்தது. மகனுக்குத் தெரியும், வலது பக்கம். அம்மா இடது பக்கம் திரும்பினார்.

சொல்லிவிட நாக்குத் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டான்.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு அடி எடுத்து வைத்தார். மீட்டரம்மா நின்றார். தண்ணீர் வடிகட்டி ஒன்றைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்தார்.

"இல்ல" என்றார் தனக்குள். "இது இல்ல."

திரும்பி, மகனைத் தாண்டி, வலது பக்கம் நடந்தார். ஏழாவது கதவு. எண்ணைப் பார்க்காமலே கைப்பிடியில் கை வைத்தார். உள்ளே மருமகள் குழந்தையிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தது கேட்டது.

"நாளைக்கு ஒன்பது மணிக்குக் கிளம்புவேன்" என்றார், கதவைத் திறக்காமல், அவன் பதிலுக்காக நின்றபடி.

நடுவில் எட்டு கிலோமீட்டர், ஒரு மேம்பாலம், இரண்டு பஸ். ஆஸ்பத்திரியில் ஒரே எண்ணில் இரண்டு அறை. மகன் அம்மாவின் கையிலிருந்த பிளாஸ்க்கை வாங்கிக்கொண்டான். சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை.